நூலே நகை, முடிச்சே கொக்கி

தூத்துக்குடியில் பரிசுச் செலவு கூடும் மாதம் ஆகஸ்ட். ஜூலை 26-ஆம் தேதி பனிமய மாதா கோயிலில் கொடி ஏறும், ஆகஸ்ட் 5-ஆம் தேதி பெருவிழா. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். ஆகஸ்டின் முதல் ஞாயிறு நண்பர்கள் தினம் என்று பள்ளிப் பிள்ளைகள் கையில் கலர் கயிறு கேட்பார்கள். அது முடிந்த கையோடு நவராத்திரிக் கொலு, குலசேகரன்பட்டினம் தசரா, பிறகு கிறிஸ்துமஸ். இடையில் ஒரு வளைகாப்பு, இரண்டு பிறந்தநாள். வீட்டுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது. பத்துப் பேருக்கும் கடையில் வாங்கினால் மாதக் கணக்கு உதைக்கும்.

நூலில் நகை செய்து கொடுக்கலாம் என்பது பலரும் சொல்லும் யோசனைதான். ஆனால் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், காசு நூலுக்குப் போவதில்லை. கொக்கி, வளையம், முலாம் பூசிய மணி, குந்தன் கல், பசை ஆகியவற்றுக்குத்தான் போகிறது. முத்தையாபுரம் போன்ற ஊரில் முதலில் கெடுவதும் அவைதான். சுற்றிலும் உப்பளம், பக்கத்தில் துறைமுகம். ஜன்னல் கம்பியையே அரிக்கிற உப்புக்காற்று, மலிவான கம்மல் கொக்கியை விட்டுவைக்குமா? பித்தளைக் கொக்கியில் பச்சைக் களிம்பு ஏறும், இரும்பு வளையம் துருவை நூலுக்கும் ஏற்றும். சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும் என்பதால், வேர்வைக் கழுத்தில் பிசுபிசுக்கும். ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் நகைகள் எல்லாம் கூடிய மட்டும் நூலிலேயே தொடங்கி நூலிலேயே முடிகின்றன. உலோகமும் பசையும் குறையக் குறைய பரிசின் விலையும் குறையும், ஆயுளும் கூடும்.

நூலை நகையாக மதிப்பது நமக்குப் புதிதல்ல. மஞ்சள் கயிற்றுத் தாலி, குழந்தையின் அரைஞாண், சடையில் ஆடும் குஞ்சம், அட்டிகையின் பின்னால் கட்டும் பட்டுக்கயிறு என்று எல்லாம் நூல்தான். நெல்லைச் சீமையில் நூலால் அலங்காரம் செய்து சம்பாதித்த பெண்களும் உண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844-இல் மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போனது. தூத்துக்குடிக்கே நூற்பாலை ஊர் என்ற பெயரும் உண்டு. 1908 பிப்ரவரி 27 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிய கோரல் மில், நூல் நூற்ற ஆலைதான்.

நூல் வாங்கும்போது

கடையில் ‘உல்லன்’ என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது அக்ரிலிக். பளிச்சென்று இருக்கும், விலையும் குறைவு, ஆனால் நம் ஊர் வெயிலில் கழுத்தில் கிடந்தால் அரிக்கும். காதில் தொங்கும் குஞ்சத்துக்கு அது போதும். கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் பருத்தி நூல்தான் சரி. குரோஷா பின்னுவதற்கு என்று விற்கும் முறுக்கிய பருத்தி நூல் எல்லாவற்றுக்கும் ஏற்றது. ‘சில்க் த்ரெட்’ என்று சுருளாக விற்பது பெரும்பாலும் செயற்கைப் பட்டு. மினுமினுப்பு அழகாக இருக்கும், ஆனால் வழுக்கும் நூல் அது, அதில் போட்ட முடிச்சு ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும்.

சந்தேகமிருந்தால் ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கறுத்துக் கெட்டியான உருண்டையாக நிற்கும்.

அடர் சிவப்பு, மெரூன், கறுப்பு நூல்களை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். சாயம் போகிற நூலைக் கல் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் நின்றுவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். உப்பு, சாயம் ஏற்றும் தொட்டியில் துணி சாயத்தை உறிஞ்ச உதவும். ஏற்கெனவே சரியாகப் பிடிக்காத சாயத்தை அது பிடித்து வைக்காது. உப்பு விளையும் ஊரிலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று தண்ணீர் மாற்றியும் நிறம் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த நூலைப் பூக்கட்ட வைத்துக்கொள்ளுங்கள். பரிசு வாங்கியவரின் வெள்ளைச் சட்டைக் கழுத்து சிவந்துபோனால் உங்கள் உழைப்பெல்லாம் வீண்.

நிறம் தேர்வு செய்ய நல்ல இடம் மேட்சிங் சென்டர். யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவர் அடிக்கடி உடுத்தும் சேலையின் கரை நிறம் நினைவிருந்தால் போதும். ஒரு நகையில் இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. மூன்றாவது நிறம் சேர்ந்ததும் அது பிள்ளைகள் விளையாட்டுச் சாமானாகத் தெரியத் தொடங்கும்.

குஞ்சம்: இதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

பத்துப் பேருக்குச் செய்ய வேண்டுமென்றால் குஞ்சம்தான் கைகொடுக்கும். பழைய கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையில் 4 சென்டிமீட்டர் அகலத் துண்டு ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய பருத்தி நூலை அதன்மேல் 60 சுற்று சுற்றுங்கள். இறுக்கிச் சுற்றினால் அட்டை வளைந்து அளவு மாறிவிடும், தொட்டும் தொடாமலும் சுற்றினால் போதும். ஒரு சாண் நூலை அட்டைக்கும் சுற்றுக்கும் இடையே நுழைத்து மேல் விளிம்பில் இரட்டை முடிச்சாகக் கட்டி, கீழ் விளிம்பில் கத்தரித்துவிடுங்கள். மேலே கட்டிய நூலின் இரு நுனிகளையும் ஒன்றாக முடிந்தால் தொங்கவிடும் காது தயார்.

இனி கழுத்துக்கட்டு. நூல் நகை பிரிந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். பலர் நாலு சுற்றுச் சுற்றிப் பசை வைத்து ஒட்டிவிடுகிறார்கள். அது வேண்டாம். தூத்துக்குடித் தோணிகளில் கயிற்றின் நுனி பிரியாமல் இருக்க மெல்லிய நூலால் ஒரு கட்டு போடுவார்கள். முடிச்சே வெளியில் தெரியாத கட்டு அது. அதையே இங்கே போடுங்கள்.

40 சென்டிமீட்டர் நூல் எடுத்து, ஒரு நுனியை விரல் நீளத்துக்கு மடித்து வளையமாக்குங்கள். அந்த வளையம் கீழ்நோக்கி இருக்கும்படி குஞ்சத்தின் கழுத்தோடு படுக்க வையுங்கள். குட்டை நுனி மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீள நுனியால் உச்சியிலிருந்து அரை சென்டிமீட்டர் கீழே தொடங்கி, மேலிருந்து கீழாக, ஒரு சுற்றை அடுத்த சுற்று ஒட்டியபடி எட்டுப் பத்து சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. கடைசிச் சுற்று முடிந்ததும் நீள நுனியைக் கீழே எட்டிப்பார்க்கும் வளையத்துக்குள் நுழையுங்கள். இப்போது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குட்டை நுனியை மெதுவாக இழுங்கள். வளையம் நீள நுனியைக் கவ்விக்கொண்டு சுற்றுகளுக்கு அடியில் போய் மறையும். பாதி வழியில் நிறுத்திவிடுங்கள், முழுக்க இழுத்தால் மறுபக்கம் வெளியே வந்துவிடும். மேல் நுனியை ஒட்டக் கத்தரியுங்கள். கீழ் நுனி குஞ்சத்தின் இழைகளோடு கலந்துவிடும், அதை வெட்டவே வேண்டாம்.

கீழ் விளிம்பு ஏறுக்கு மாறாக இருக்கும். கொதிக்கும் பாத்திரத்து ஆவியில் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சீப்பால் நீவுங்கள். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைக் குஞ்சத்தைச் சுற்றி இறுக்கிச் சுருட்டி, காகிதத்தோடு சேர்த்து நேராகக் கத்தரித்தால் விளிம்பு ஒரே மட்டமாக வரும்.

காதில் மாட்டக் கொக்கி வேண்டாமா என்று கேட்பீர்கள். நம் ஊரில் வளையக் கம்மல் இல்லாத வீடு குறைவு. குஞ்சத்தின் காதை அந்த வளையத்தில் கோத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக விட்டுவிடுங்கள். பரிசு வாங்குகிறவர் ஏற்கெனவே போட்டிருக்கும் கம்மலே கொக்கியாகிவிடும். ஒரே வளையத்துக்கு மூன்று நிறத்தில் மூன்று ஜோடிக் குஞ்சம் கொடுத்தால், சேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். கொக்கி வைத்தே கொடுக்க வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள்.

கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு சுற்றுக்கு 8 சென்டிமீட்டர், 60 சுற்றுக்கு 4.8 மீட்டர். இரண்டு குஞ்சத்துக்கும் கட்டு நூலோடு சேர்த்து 11 மீட்டர் வரும். 100 மீட்டர் பந்தில் ஒன்பது ஜோடி செய்யலாம். பந்து 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஜோடிக்கு 7 ரூபாய் கூட ஆகாது.

முத்துக் கோப்பவர்கள் போடும் முடிச்சு

இது முத்துக் கடற்கரை. கொற்கை காலத்திலிருந்து பேர்பெற்ற முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அந்த முத்து நமக்கு எட்டாது. ஆனால் முத்து கோக்கும் முறை எட்டும். நல்ல முத்து மாலையைப் பட்டு நூலில்தான் கோப்பார்கள், ஒவ்வொரு முத்துக்கும் இடையில் ஒரு முடிச்சு இருக்கும். முத்தும் முத்தும் உரசித் தேயாமல் இருக்க ஒரு முடிச்சு. நூல் அறுந்தாலும் மாலை முழுதும் சிதறாமல் ஒரு முத்தோடு நிற்கவும் அதே முடிச்சு.

மர மணி, கண்ணாடி மணி, சங்கு மணி எதை எடுத்தாலும் இந்த முறையில் கோத்தால் மணி குறைவாகவும் நகை நிறைவாகவும் இருக்கும். ஒரு மாலைக்கு ஒன்பது, பதினொன்று மணி போதும், இடைவெளியை முடிச்சும் நூலும் நிரப்பிக்கொள்ளும். மலிவான பிளாஸ்டிக் முத்தின் பூச்சு வேர்வையில் உரியும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் நூலில் ஒரு முடிச்சுப் போட்டு மணியின் துளைக்குள் அது போகிறதா என்று பாருங்கள். போனால் நூல் போதாது, இரட்டை இழையாக்குங்கள். மணி நிற்கும் பகுதியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு நூல் எடுத்துக்கொள்ளுங்கள், முடிச்சு நூலைத் தின்னும். மணியைக் கோத்ததும் அதற்குப் பின்னால் ஒரு தளர்ந்த முடிச்சு போட்டு, அது இறுகுவதற்கு முன் அதற்குள் ஒரு கோணி ஊசியை நுழையுங்கள். ஊசியாலேயே முடிச்சை நகர்த்தி மணியை ஒட்டக் கொண்டுபோய் நிறுத்தி, நூலை இழுத்தபடியே ஊசியை உருவுங்கள். முடிச்சு மணியின் வாயில் போய் உட்காரும். ஊசி இல்லாமல் போட்டால் முடிச்சு மணிக்கு முன்னாலேயே இறுகி நின்றுவிடும், மாலை ஆடிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு கைப்பழக்கம் வந்துவிட்டால் கடை மாலைக்கும் உங்கள் மாலைக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

பின்பக்கத்துக்கு மூன்று இழைப் பின்னல் போதும். மூட்டுவதற்கு நகரும் முடிச்சு. இரு பின்னல் நுனிகளையும் எதிரெதிராக ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இடப்பக்க நுனியால் வலப்பக்கப் பின்னலை இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுகளுக்குள் நுழைத்து இறுக்குங்கள். வலப்பக்க நுனியால் இடப்பக்கப் பின்னலையும் அப்படியே. இரண்டு முடிச்சையும் விலக்கினால் மாலை சுருங்கும், சேர்த்தால் விரியும். பாட்டி கழுத்துக்கும் பேத்தி கழுத்துக்கும் ஒரே மாலை பொருந்தும்.

ஆனால் சின்னப் பிள்ளைகள் கழுத்துக்கு நகரும் முடிச்சு கூடாது. எதிலாவது மாட்டி இழுபட்டால் இறுகிவிடும். அவர்களுக்குக் கைக்கயிறு போதும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு மணி வைத்த எதையும் கொடுக்காதீர்கள். குன்றிமணி பார்க்க அழகுதான், அதன் பருப்பு கொடிய விஷம், துளையிட்டுக் கோக்கவே வேண்டாம்.

கடற்கரையில் கிடைப்பதையெல்லாம் பொறுக்கிக் கோத்துவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். தூத்துக்குடியிலிருந்து வடக்கே நீளும் 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. பவளப்பாறைத் துண்டை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், 2001-இல் பவளப்பாறைகள் அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அரிய சங்கு, சிப்பி வகைகள் சிலவும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. கடலை வெறுமையாக்கித்தான் ஒரு பரிசு செய்ய வேண்டும் என்றில்லை.

வலைக்கண் கழுத்தணி

திரேஸ்புரம் கடற்கரையில் வலை பொத்துகிறவர்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் போடும் அதே முடிச்சில் ஒரு கழுத்தணி செய்யலாம். பத்துப் பேருக்குச் செய்யும் வேலை இல்லை இது. ஒரே ஒருவருக்கு, மனசுக்கு மிகவும் நெருங்கியவருக்கு மட்டும்.

35 சென்டிமீட்டர் பின்னல் ஒன்றை இரண்டு நாற்காலிக் கைகளுக்கு இடையே இழுத்துக் கட்டுங்கள். கட்டுவதற்கு இரு பக்கமும் கூடுதலாக ஒரு சாண் விட்டிருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் அகல மூங்கில் சிம்பு கண்ணின் அளவுக்கு. வலை ஊசிக்குப் பதில் மழுங்கிய தையல் ஊசி. முதல் வரிசையில் பின்னலைச் சுற்றிச் சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சாக, சிம்பின் மேல் வளைத்து வளைத்து முப்பது கண் போடுங்கள். இரண்டாம் வரிசையிலிருந்துதான் வலை முடிச்சு. நூலைச் சிம்பின் முன்னால் இறக்கி, அடியில் வளைத்துப் பின்னால் ஏற்றி, மேல் கண்ணின் பின்னாலிருந்து முன்னால் எடுங்கள். கண்ணின் அடி சிம்பின் மேல் விளிம்பில் வந்து உட்காரும்படி இழுத்து அந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். நூலை இடப்பக்கமாக மேலே வீசி ஒரு வளையம் விழச் செய்து, ஊசியை அந்தக் கண்ணின் இரு கால்களுக்கும் பின்னால் வலமிருந்து இடமாக நுழைத்து, வீசிய வளையத்தின் வழியாக வெளியே எடுத்து இறுக்குங்கள். பெருவிரல் நகராத வரை முடிச்சு நகராது. சரியாகப் போட்ட முடிச்சை விரலால் தள்ளினால் அசையாது, தவறாகப் போட்டது மேலே வழுக்கிக்கொண்டு ஓடும். ஓடினால் அங்கேயே பிரித்துவிட்டு மறுபடி போடுங்கள், அடுத்த வரிசை வரை விட்டுவைக்க வேண்டாம்.

ஐந்து வரிசை போதும். கடைசி வரிசையில் ஒரு கண் விட்டு ஒரு கண்ணில் சின்ன மணி. வெள்ளை நூலில் செய்தால் கழுத்துப்பட்டி லேஸ் போலவே இருக்கும். கஞ்சித் தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துண்டின் மேல் குண்டூசி குத்தி விரித்துக் காயவையுங்கள்.

வளையலும் பனியன் மாலையும்

வளைகாப்புக்கு நூல் சுற்றிய வளையல் கேட்பவர்கள் அதிகம். செய்வது எளிது. பிளாஸ்டிக் வளையலைச் சுற்றி, இருபது இழை சேர்ந்த இரண்டு மீட்டர் கற்றையை ஒன்றின் பாதியை ஒன்று மூடும்படி சுற்றிக்கொண்டே போவது, கடைசி நுனியை ஊசியில் கோத்து உள்பக்கச் சுற்றுகளுக்கு அடியில் ஓட்டுவது. அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 2-4 என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், சுமார் 57 மில்லிமீட்டர். 2-6 சுமார் 60, 2-8 சுமார் 63 மில்லிமீட்டர். ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்தான். நூல் உள்பக்கமும் ஏறுவதால் அதில் ஒரு பங்கு போய்விடும். “அக்கா, உங்களுக்கு 2-6 சரி, ஆனா நூல் சுத்துறதுன்னா 2-8 எடுத்துக்கோங்க” என்று விவரம் தெரிந்த வளையல்காரர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மாசமாக இருக்கிறவர்களுக்குக் கை சற்று வீங்கியிருக்கும், இது இன்னும் முக்கியம்.

ஒரு பைசா செலவில்லாத மாலையும் உண்டு. பழைய பனியனைக் கைக்குழிக்குக் கீழே வெட்டி, உடலைச் சுற்றி 2 சென்டிமீட்டர் அகலத்தில் சுருள் சுருளாக ஒரே பட்டையாகக் கத்தரியுங்கள். பட்டையை இழுத்துவிட்டால் ஓரங்கள் சுருண்டு உருண்டை நூலாகிவிடும். ஆறு இழை சேர்த்து இரண்டு இடத்தில் கழுத்துக்கட்டு போட்டால் கல்லூரிப் பெண்கள் விரும்பிப் போடும் மாலை. பக்கவாட்டில் தையல் உள்ள பனியன் அந்த இடத்தில் சுருளாது, தையல் இல்லாததாகப் பாருங்கள்.

கொடுக்கும்போது

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலத்தில் பருத்தி ஈரம் குடிக்கும். பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். பத்திரிகை அட்டையில் இரண்டு துளையிட்டுக் குஞ்சத்தை மாட்டி, காகித உறையில் போடுங்கள். கொஞ்சம் சிறப்பாகக் கொடுக்க ஆசை என்றால் நம் மாவட்டத்திலேயே பின்னும் சின்னப் பனையோலைப் பெட்டி இருக்கிறது, மணப்பாடு அதற்குப் பேர்பெற்ற ஊர். அட்டையின் பின்னால் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: குளிர்ந்த தண்ணீரில் அலசவும், நிழலில் உலர்த்தவும்.

ஆகஸ்டுக்குப் பரிசு வேண்டுமென்றால் ஜூன் மாதமே நூல் வாங்கிவிடுங்கள். முதல் ஜோடியை யாருக்கும் கொடுக்காமல் நீங்களே ஒரு வாரம் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், பஸ் ஏறுங்கள், வேர்க்கட்டும், ஒருமுறை அலசியும் பாருங்கள். எந்த முடிச்சு தளர்கிறதோ அதைச் சரிசெய்த பிறகு பத்துப் பேருக்கும் செய்யுங்கள்.